கோடி வீட்டுக்குப் போன கஞ்சி

ஜப்பான்காரன் காலத்தில், மலாய் நாட்டில் எங்கள் ஊரான கஜா பெராங்கில் அரிசி என்பது பேச்சில் மட்டும்தான் இருந்தது. கொல்லையில் நட்ட மரவள்ளிக்கிழங்கை வேகவைத்துக் கரைத்த கஞ்சிதான் எங்களுக்குச் சாப்பாடு. அதிலும் என் மாமியார் எதிர்வீட்டுச் சீன அக்காவுக்கு ஒரு பங்கு கொடுத்துவிடுவார். அவள் புருஷனை லாரியில் ஏற்றிக்கொண்டு போன ஜப்பான்காரன் திருப்பி அனுப்பவேயில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருந்த எனக்கும், பசியில் அழும் அவள் பிள்ளைகளுக்கும் மாமியார் கையில் ஒரே அளவுதான்.

என் புருஷனைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துப் போயிருந்தார்கள். வீட்டைக் காட்டிக்கொடுத்தவர் எங்கள் சந்தின் கோடி வீட்டில் இருந்த, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. ஜப்பான்காரனுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் எங்களோடு முழங்கால் போட்டு ஜெபித்தவரும்கூட. கால் வீங்கி அவர் படுத்த பிறகு ஜப்பான்காரன் எட்டிப் பார்க்கவில்லை. சந்தில் யாரும் அந்த வாசலை மிதிக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் மாமியார் ஒரு குவளைக் கஞ்சியை மூடி எடுத்தார்.

"யாருக்கு அத்தை?"

"கோடி வீட்டுக்கு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. "உங்க மகனைப் பிடிச்சுக் கொடுத்தவன் அவன்!"

"தெரியும்மா. அதைத்தான் ஆண்டவர்கிட்ட சொல்லிச் சொல்லி அழுதேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. அவன் பட்டினியாக் கிடக்கிறதுதான் கண்ணுக்குள்ளயே நிக்குது."

நானும் கூடவே போனேன். எங்களைக் கண்டதும் கிராணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் செஞ்சது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் வந்திருக்கேன். வாயைத் திற."

மாமியார் குவளையை அவர் வாயில் சாய்த்தார். கஞ்சி அவர் தாடியில் வழிந்தது. மாமியார் தன் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டார். மாமியார் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, பற்கள் இறுகியிருந்தன. அந்தக் கோபம் துளியும் குறையாமல் இருக்க, கை மட்டும் ஊட்டிக்கொண்டே இருந்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி மயிர் சிலிர்த்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட வேண்டும் போலிருந்தது.

திரும்பும்போது சீன அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அவனுக்குமா?" என்று மலாயில் கேட்டாள்.

"அவனுக்கும் பசிக்குதே" என்றார் மாமியார்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். இனி நம்மிடம் கைநீட்ட மாட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் எங்கள் அடுப்படிக்கு வந்து, முன்பு கோழிக்கென்று வாங்கி வைத்ததில் மிஞ்சியிருந்த தவிட்டை ஒரு பொட்டலமாக வைத்தாள். "கஞ்சியில் கலந்து கொடு. கால் வீக்கம் வடியும்." எங்கள் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள்.

வீக்கம் மெல்ல வடிந்தது. கிராணி எழுந்து நடந்தார்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பியவர்கள், என் புருஷன் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டதாகச் சொன்னார்கள். துக்கத்துக்கு வந்த கிராணி உள்ளே வரத் துணியாமல் வெயிலிலேயே நின்றார். அழுதுகொண்டிருந்த மாமியார் தலையை நிமிர்த்தினார்.

"உள்ளே வந்து எல்லார் கூடவும் உக்காரு."

பாயில் சீன அக்கா சற்றே நகர்ந்து இடம்விட்டாள்.