அண்ணன் காட்டிய இடம்

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டபோது கப்பலில் இடம் கிடைக்காமல் நடந்தே திரும்பியவர்களில் என் அண்ணனும் ஒருவன். காடும் மலையும் கடந்து, வங்காளத்தில் ரயில் பிடித்து, ஒரு மத்தியானம் என் வாசலில் வந்து நின்றான். திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே ஒரு குடியானவர் வீட்டில் நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். அவன் பர்மாவில் இருந்த காலத்திலேயே அப்பாவும் அம்மாவும் இறந்துவிட்டார்கள். திரும்பிவர அவனுக்கு என்னைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

எனக்கு அடையாளம் தெரியவில்லை. பிச்சைக்கு வந்தவனென்று நினைத்து, "இருங்க, கூழு கொண்டாறேன்" என்றேன்.

"நாந்தான் அம்மிணி" என்றான்.

என்னைவிட இரண்டே வயது மூத்தவன். அன்று அவனைப் பார்த்தால் எங்கள் அப்பாவைவிடக் கிழவனாக இருந்தான்.

மாமியார் வீட்டுக்குள் விடவில்லை. "எத்தனை பொணத்தைத் தாண்டி வந்தானோ, என்ன சீக்கைக் கொண்டாந்தானோ. கட்டுத்தரையில இருக்கட்டும்" என்றார். என் கணவர் தம் அம்மா பேச்சுக்கு மறுபேச்சுப் பேசியதே கிடையாது. அவரே ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் மாடுகளுக்குப் பக்கத்தில் போட்டார். அதையும் அன்பாகத்தான் செய்தார்.

அண்ணனுக்கு எதுவும் வயிற்றில் தங்கவில்லை. கம்மங்கூழ், அரிசிக் கஞ்சி, மோர், வைத்தியர் கொடுத்த லேகியம் எல்லாம் வந்த வழியிலோ அடுத்த வழியிலோ வெளியே போயின. கை தூக்கத் தெம்பில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னான். ரங்கூனில் அவன் குடியிருந்த அறைக்குப் பக்கத்தில் சீனர் ஒருவர் மருந்துக்கடை வைத்திருந்தாராம். அவர் இவனுக்குக் காலில் ஓர் இடம் காட்டிக் கொடுத்தாராம். வழிநெடுக அந்த இடத்தை அழுத்தி அழுத்தித்தான் நடந்து வந்தேன் என்றான்.

வெடித்த பாதத்தை நீட்டினான். "இங்க பாரு. பெருவெரலுக்குப் பின்னால உள்பக்கமா உருண்டையா எலும்பு தட்டுதா? அதைத் தாண்டுனா சின்னதா ஒரு பள்ளம். உள்ளங்கால் தோலும் மேங்கால் தோலும் சேர்ற கோட்டுல இருக்கும். அங்க கட்டவெரலை வெச்சு அமுத்து."

"வலிக்குமே?"

"வலிச்சாத்தான் எடம் சரி."

பிறகு அந்தச் சீனர் சொன்ன காரணத்தையும் சொன்னான். "வவுத்துக்குள்ள ஒரு மண்ணு இருக்குதாம். திங்கறதை வாங்கித் தெம்பாக் குடுக்கறது அந்த மண்ணுதானாம். அது கெட்டிப்பட்டுப் போச்சுன்னா வெதைச்சதெல்லாம் வீணு. அதைக் கெளர்ற எடம் இது."

நான் காட்டில் மண் கிளறி, விதை போட்டு வளர்ந்தவள். எந்த வைத்தியர் சொன்னதும் எனக்கு இவ்வளவு நன்றாகப் புரிந்ததில்லை.

காலையில் சாணி அள்ளிப் போட்ட பிறகும், சாயங்காலம் பால் கறந்த பிறகும், ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் ஒவ்வொரு காலாக அழுத்தினேன். முதல் நாட்களில் ஒன்றும் தெரியவில்லை. எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ ஒரு வட்டில் கஞ்சி வயிற்றில் தங்கியது. அவன் சிரித்தான். ஒரு மாதத்தில் களி உண்டான், தண்ணீர் இறைத்தான், மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டான்.

மாமியாருக்கும் வெகுநாளாக வயிற்றுக் கோளாறு. உண்டதும் உப்பிக்கொள்ளும், புளித்த ஏப்பம் வரும், கைகால் அசந்துபோகும். ஒருநாள் அவர் முனகியது கட்டுத்தரை வரைக்கும் கேட்டிருக்கிறது. "அவிங்களுக்கும் அமுத்தி உடு அம்மிணி. பாவம், பெரியவிங்க" என்றான் அண்ணன். அவனை வீட்டுப் படி ஏற விடாதவருக்காக அவனே பரிந்து பேசினான். நானும் செய்தேன். மூன்றாம் நாள் பெரிய ஏப்பமாக விட்டு, "ஒடம்பு லேசா இருக்குது சாமி" என்றார். அன்றிலிருந்து அது என் தினப்படி வேலையாயிற்று. நான் கூப்பிடும் முன்பே கால் நீண்டிருக்கும்.

அதே வாரம் என் காது கேட்கவே மகனிடம் சொன்னார்: "ஒறம்பரைன்னு வந்தா நாலு நாளு. அதுதான் ஒடம்பு தேறிருச்சில்ல?"

அண்ணன் யாரும் சொல்லக் காத்திருக்கவில்லை. குமாரபாளையத்தில் ஒரு சாயப்பட்டறைக்கு ஆள் வேண்டுமாம் என்று கிளம்பினான். காவிரியிலிருந்து தண்ணீர் சுமக்கும் வேலை. "இந்த ஒடம்போட வேண்டாம் அண்ணா" என்றேன். "ரங்கூன்ல இருந்து நடந்தவனுக்கு இது ஒரு தூரமா?" என்றான். போகும்போதும் யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நாலு மாதம் கழித்து, குமாரபாளையம் வழியாகச் சந்தைக்கு மாடு ஓட்டிப்போய்த் திரும்பிய ஒருவர் வாசலில் நின்று சொன்னார்: "உங்கண்ணனுக்குக் கஞ்சி கூட எறங்கலீங்க, படுத்த படுக்கை. தங்கச்சிய ஒருக்கா வந்துட்டுப் போவச் சொன்னாருங்க."

என் கணவர் தம் அம்மாவைப் பார்த்தார். அவர் கட்டிலில் படுத்தபடியே, "எனக்கு வவுறு கல்லாட்டம் கெடக்குது. இவ போயிட்டா எங்காலை யாரு அமுத்தறது? ரெண்டு நாளு போவட்டும்" என்றார்.

"நான் போவோணுங்க" என்றேன். அந்த வீட்டில் நான் வாய்திறந்து கேட்ட முதல் காரியம் அதுதான்.

"நாளைக்குப் போலாம்" என்றார் கணவர். மறுநாளும் அதையே சொன்னார். அதற்கு மறுநாளும். மூன்று நாளும் இரண்டு வேளையும் மாமியார் காலை அழுத்தினேன். நான்காம் நாள் காலை, "இப்பத் தேவலை, போயிட்டு வாங்க" என்று உத்தரவு கிடைத்தது.

திருச்செங்கோடு வரை வண்டி. அங்கிருந்து, பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிப்புகையில் ஓடிய பஸ். அது ஒரு மேட்டில் ஏற மாட்டாமல் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். நானும் தள்ளினேன்.

போய்ச் சேர்ந்தபோது, முந்தின நாளே காவிரிக்கரையில் எல்லாம் முடிந்திருந்தது. அண்ணன் குடியிருந்த வீட்டுக்காரம்மா தறியிலிருந்து எழுந்து வந்தார். "தங்காலைத் தானே அமுத்திக்கிட்டே இருப்பாருங்க. கடைசி ரெண்டு நாளு குனிய முடியல. நாங்க அமுத்தறமுன்னு சொன்னமுங்க. வேண்டாம், எந்தங்கச்சிக்குத்தான் எடம் தெரியும், அது வந்துரும்னுட்டாருங்க" என்றார்.

என் கணவர் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அவர் அழுததைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

வீடு திரும்பித் தலைமுழுகி வந்து உட்கார்ந்தேன். ஈரம் காயவில்லை. "ரெண்டு நாளா அமுத்தாம என்னமோ பண்ணுது சாமி" என்று மாமியார் காலை நீட்டினார். நான் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைக்கவில்லை. குதிகால் சதையில் வைத்து, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அழுத்தினேன். உன் மண்ணு பாறையாகட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

அவர் ஏப்பம் விட்டார். "இன்னைக்குத்தான் நல்லாப் புடிச்சிருக்கறே" என்றார்.

ஆறு வருஷம் ஒரு நாள் விடாமல் தப்பான இடத்தில் அழுத்தினேன். அவர் நன்றாக உண்டார், நன்றாகத் தூங்கினார். வருகிறவர்களிடமெல்லாம் மருமகளின் கைராசியைப் பெருமையாகச் சொன்னார். கடைசியில் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து போனார். வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அவர் நலிந்து போயிருந்தால் நான் பாவி. ஆனால் அண்ணன் சொன்னது மெய் என்றாவது இருந்திருக்கும். அவர் தேறினார். அப்படியானால் கட்டுத்தரையில் ஒரு மாதம் நான் எதை அழுத்தினேன்? எந்த இடமும் ஆகுமென்றால் யார் கையும் ஆகுமே! என் கணவரே தம் அம்மா காலை அழுத்தியிருக்கலாம். ஆள் வந்து சொன்ன அன்றைக்கே நான் கிளம்பியிருக்கலாம். அந்தத் தறிக்காரம்மாவும் அண்ணனுக்கு அழுத்திவிட்டிருக்கலாம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மாமியார் காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில், ஒரு கல்யாண விருந்துக்குப் போய்வந்த கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அந்த எடத்தைக் கொஞ்சம் அமுத்தி உடறயா?" என்றார்.

"நீங்களே அமுத்திக்குங்க" என்றேன்.

குனிந்து காலைப் பிடித்துக்கொண்டு, "எங்கே?" என்றார்.

"எங்க வேணும்னாலும் அமுத்துங்க."

அவருக்கு விளங்கவில்லை. கணுக்காலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் அழுத்திப் பார்த்துவிட்டுச் சுக்குத் தண்ணி கேட்டார். வைத்துக் கொடுத்தேன்.