துள்ளியும் பழுதான மரபணுவும்

வளர்ப்புப் பெட்டியின் கதவைத் திறந்ததும், "என்னடா செல்லங்களா, நல்லா தூங்குனீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் துள்ளி தட்டுகளை வெளியே எடுப்பாள். செல்லங்கள் என்பவை கல்லீரல் புற்றுநோய் செல்கள். அவற்றுக்கு வேளாவேளைக்குத் தீனி போட்டுக் கொழுக்க வைத்து, பிறகு கொல்ல வழி தேடுவதுதான் அவள் உத்தியோகம்.

நாற்பதைத் தாண்டியவள். ஆனாலும் சந்தோஷம் வந்துவிட்டால் கால் இரண்டும் தரையில் நிற்காது. சின்ன வயதில் அண்ணன் வைத்த பெயர் ஆய்வகம் வரை வந்து ஒட்டிக்கொண்டது. ஆய்வகத் தலைவரே ஒரு கூட்டத்தில், "துள்ளி சொல்ற மாதிரி..." என்று வாய்தவறி ஆரம்பித்து, இருமிச் சமாளித்தார்.

போன வருடம் அந்த அண்ணனுக்கே கல்லீரலில் கட்டி. அறுத்து எடுத்தாயிற்று, திரும்ப முளைத்துவிடக் கூடாதே என்று அவ்வப்போது ஸ்கேன். கட்டியைச் சோதித்தபோது ஒரு மரபணு பழுது என்றார்கள். துள்ளி வருடக்கணக்காகத் துரத்திக்கொண்டிருக்கும் அதே 'ஏரிட்'.

"அதென்ன கழுதை? எனக்குப் புரியற மாதிரி சொல்லு," என்றான் அண்ணன்.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ரெண்டு மீட்டர் நூல் இருக்குண்ணா. சுருட்டிச் சுருட்டி அடைச்சு வெச்சிருக்கு. எந்த இடத்தை எப்பப் பிரிக்கணும், எப்ப மூடணும்னு பாத்துக்க ஒரு புரதக் கூட்டம் உண்டு. ஏரிட் கெட்டுப்போனா அதுல ஒரு ஆள் லீவு. மூடி இருக்க வேண்டியது திறந்துக்கும், திறந்திருக்க வேண்டியது மூடிக்கும். செல்லு தறிகெட்டுப் போயிடும்."

"உங்க அண்ணி ஊருக்குப் போன வாரம் நம்ம அலமாரி இருந்த மாதிரின்னு சொல்லு."

"காதுல விழுது!" என்றது அடுத்த அறை.

ஏரிட் பழுதான செல்களை மட்டும் ஒரு மருந்து கொல்கிறது என்று முதல்முறை தெரிந்தபோது, மாடி முழுவதற்கும் கேக் வாங்கிக் கொடுத்துக் குதித்தாள். அடுத்த முறை ஒரு செல்கூடச் சாகவில்லை. அந்த முறை எடுத்த குப்பியில் மருந்து கெட்டுப்போயிருந்தது. "கேக் நல்லாத்தான் இருந்துச்சு," என்று ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள்.

மூன்றாம் முறை உஷாராகிவிட்டாள். ஆசை கண்ணை மறைக்கக் கூடாதல்லவா? பழுதான செல்கள் ஒரு பக்கம், அதே செல்களில் மரபணுவைச் சரிசெய்து வளர்த்தவை ஒரு பக்கம். எது எதுவென்று தனக்கே தெரியாதபடி தட்டுகளில் வட்டமும் கட்டமும் போட்டு வைக்கும்படி பக்கத்து மேசைச் சிடுமூஞ்சியிடம் கேட்டுக்கொண்டாள். அவர் சிரித்ததை நேரில் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

"நான் கெஞ்சினாலும் சொல்லிடாதீங்க."

"அழுதாலும் சொல்ல மாட்டேன்."

மருந்து வேலை செய்ய வேண்டிய நாட்கள் முடிந்ததும் நுண்ணோக்கியில் கண் வைத்தாள். தட்டு தட்டாகப் பார்த்து முடித்து, "வட்டம் எல்லாம் செத்துக் கெடக்கு. கட்டம் ஜம்முனு இருக்கு," என்றாள். குரல் கீச்சென்று வந்தது.

சிடுமூஞ்சி கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார். "வட்டம்தான் பழுது."

துள்ளி குதித்த குதியில் சக்கர நாற்காலி உருண்டுபோய்க் கழுவுதொட்டியில் முட்டியது.

"இது வெறும் தட்டும்மா. அடுத்து எலி இருக்கு. மனுஷங்ககிட்ட வர ரொம்ப தூரம்," என்றார் அவர்.

"தெரியும், தெரியும், தெரியும்!" என்று ஒவ்வொரு தெரியுமுக்கும் ஒரு குதி போட்டபடியே அண்ணனை வீடியோவில் அழைத்து, கைபேசியை நுண்ணோக்கியின் கண்வில்லைமேல் வைத்தாள்.

"என்னடி இது? ஒண்ணும் அசையல. எல்லாம் செத்துப் போனாப்ல இருக்கு."

"அதேதாண்ணா! அதேதான்! உனக்கு இருந்த அதே பழுது!"

"மங்கலாத் தெரியுது. இன்னொரு தடவ காட்டு," என்றான் அண்ணன்.

கைபேசியை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். அவள் கண் பட்ட இடத்தில் வில்லை ஈரமாக இருந்தது. அதைத் துடைப்பதற்கென்றே மெல்லிய காகிதம் கையெட்டும் தூரத்தில் உண்டு. யாராவது துணியால் துடைத்தால் சண்டைக்கே போய்விடுகிறவள், தன் வெள்ளை மேலங்கியின் நுனியை இழுத்து, அவசர அவசரமாக வில்லையைத் துடைத்தாள்.