என் கட்டிலில் உதிர்ந்த வெள்ளைத் தூசி

போன வாரம் எங்கள் வீட்டைச் சுத்தம் செய்ய இரண்டு பேர் வந்தார்கள். மாடம்பாக்கத்தில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் மழை தொடங்குமுன் இப்படி ஆள் வரவழைப்பது எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. போனில் பதிவு செய்தால் போதும். சீருடை, தூசி உறிஞ்சும் இயந்திரம், நாலு நிறத்துத் துணிகள் என்று வந்து இறங்கிவிடுகிறார்கள். நான் அவர்கள் பின்னாலேயே அறை அறையாக நடந்துகொண்டிருந்தேன். பாட்டிலில் இருக்கும் அந்த நீலத் திரவம் என்ன, அது ஏன் ஊதுபத்தி மாதிரி மணக்கிறது, குளியலறையைத் துடைத்த துணியோடு சமையல் மேடைக்கு வந்துவிடுவார்களோ என்று எனக்கு ஓயாத சந்தேகம். கடைசியில் அவர்களில் மூத்தவர் சிரித்துவிட்டார்.

“இன்னா மேடம், எங்க மேல டவுட்டா கீதுங்களா?”

“உங்க மேல இல்லப்பா. தூசி மேல.”

அது பொய்யில்லை. அவர் நீளக் குச்சியில் கட்டிய பிரஷால் படுக்கையறைக் கூரையை ஒரு இழுப்பு இழுத்ததும், மெத்தை விரிப்பின்மேல் கொஞ்சம் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. குனிந்து முகர்ந்து பார்த்தேன். ஈரச் சுண்ணாம்பு போல ஒரு வாசனை. கட்டிலை அந்த இடத்தைவிட்டுத் தள்ளிப் போடச் சொன்னேன். வெறும் பெயின்ட் உதிர்வு என்று அவர் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. காரணம் தெரிந்தால் நீங்களாவது என்னைப் பைத்தியம் என்று நினைக்க மாட்டீர்கள்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. விழுப்புரத்திலிருந்து வந்து, தாம்பரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், கீழ்வீட்டில், குளோரி அக்காவோடு சேர்ந்து குடியிருந்தேன். அக்கா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். என்னைவிட ரொம்ப மூத்தவர், கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவர். மாடியில் ஹவுஸ் ஓனரும் அவர் மனைவியும்.

குளோரி அக்கா வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு தூசியையும் விசாரிப்பார். கோடையில் கேம்ப் ரோட்டை எப்போதும் எதற்காகவோ தோண்டிப் போட்டிருப்பார்கள். லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பியில் செம்மண் ஏறும். “இது லாரி மண்ணே இல்ல. யாரோ வேணும்னே நம்ம வாசல் பக்கம் பெருக்கித் தள்றாங்க” என்பார். ஆடிக் காற்றில் பறந்து வரும் குப்பையில் கிழிந்த தபால் உறை ஏதாவது இருந்தால், பொறுக்கியெடுத்து யார் விலாசம் என்று படிப்பார். மழைக்காலம் வந்தால் சந்தேகம் என் பக்கம் திரும்பும். என் செருப்பில் பூஞ்சை, அவர் பைபிளின் தோல் அட்டையில் பூஞ்சை, பீரோவைத் திறந்தால் ஊறிய நாற்றம். “ஈரத் துணிய உள்ள வச்சியா?” வைத்திருப்பேன்தான். அதற்காக ஒப்புக்கொள்ள முடியுமா! கிறிஸ்துமஸுக்குத் திரைச்சீலை எல்லாம் துவைத்து மாட்டி வைத்தால், போகியன்று டயர் எரித்த புகை வந்து கரியாக்கிவிடும். அன்றைக்கு மட்டும் தெருவில் உள்ள அத்தனை பேரும் குற்றவாளிகள்.

அந்த வருஷம் புரட்டாசியில்தான் வெள்ளைத் தூசி வந்தது. வீடு முழுக்க அல்ல, என் கட்டிலின்மேல் மட்டும். காலையில் தட்டி விரித்துவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் தலையணைமேல் மெல்லிசாகப் பொடி படிந்திருக்கும்.

“பவுடர மூஞ்சிக்குப் போடறியா, தலகாணிக்குப் போடறியா?” என்றார் அக்கா.

எனக்குச் சுருக்கென்றது. அவருடைய தங்கைக்குத் தாம்பரத்தில் வேலை கிடைக்கப்போவதாகவும், தங்க இடம் பார்க்க வேண்டும் என்றும் அந்தச் சமயத்தில் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார். இருப்பதோ ஒரு அறையும் ஒரு ஹாலும். அறையில் நான், ஹாலில் அவர். என்னைக் கிளப்பத்தான் எறும்புப் பொடி தூவுகிறார் என்று முடிவே செய்துவிட்டேன். படுக்குமுன் தலையணையை முகர்ந்து பார்ப்பேன். உடனே கழுத்தெல்லாம் அரிக்கும். அக்கா போட்டுத் தரும் காபியைக்கூட வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தேன். ஆபீசில் உடன் வேலை பார்த்த பெண், “ஜாக்கிரதைடி, ஹாஸ்டல் பாத்துக்கோ” என்று தூபம் போட்டாள்.

ஒருநாள் சாயங்காலம் கேட்டேவிட்டேன்.

“அக்கா, நான் இங்க இருக்கறது பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்க. எறும்புப் பொடியெல்லாம் வேண்டாம்.”

சண்டைக்கு வருவார் என்று பார்த்தேன். அவரோ என்னையே உற்றுப் பார்த்தார். “அப்போ இது உன் பவுடர் இல்லையா?”

“இல்லவே இல்ல.”

என் கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தார். “நீயும் போடல, நானும் போடல. பின்ன யாரு?”

சண்டை போட்டிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மறுநாள் காலையில் அக்கா தையல் வகுப்புக்காக வைத்திருந்த ஒரு கறுப்பு லைனிங் துணியைக் கொண்டுவந்து என் கட்டில் முழுக்க விரித்தார். ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டார். கதவைப் பூட்டிச் சாவியை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார். சாயங்காலம் இருவரும் ஒன்றாகவே உள்ளே போனோம். கறுப்புத் துணிமேல் வெள்ளைப் பொடி, நடுநடுவே பழுப்பாகச் சின்னச் செதில்கள். அக்கா ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கினார்.

“இது துருடி.”

இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம். அந்தக் கோடையில்தான் வெள்ளையடித்த கூரை. முடி கனத்தில் ஒரு கீறல். அதன் ஓரத்தில் பூரி மாதிரி லேசான உப்பல், அவ்வளவுதான். அக்கா ஸ்டூலில் ஏறி, ஒட்டடைக் குச்சியின் அடிப்பக்கத்தால் தட்டினார். மற்ற இடமெல்லாம் கெட்டியாகச் சத்தம் வந்தது. என் தலையணைக்கு நேர்மேலே மட்டும் காலி டப்பாவைத் தட்டுகிற மாதிரி கேட்டது.

மாடிக்குப் போனோம். ஹவுஸ் ஓனர் கேட்டுவிட்டுப் பொறுமையாகச் சிரித்தார்.

“பம்மல் பக்கம் கல் உடைக்கற தூசிம்மா. சீசன் மாறுதில்ல, காத்து இந்தப் பக்கம் திரும்பிடுச்சு. ஜன்னல சாத்தி வைங்க.”

அவர் மனைவி பின்னால் நின்று முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். எங்களை நிமிர்ந்தே பார்க்கவில்லை. படியிறங்கும்போது அக்கா என் காதருகே சொன்னார். “ஜன்னல் சாத்தித்தான் இருந்துச்சு. அந்தம்மா மூஞ்சியப் பாத்தியா?”

கீழே வந்ததும் என் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தார். ஹாலில் போட வேண்டுமாம். அந்த வீட்டில் சீலிங் ஃபேன் இருந்தது என் அறையில் மட்டும்தான். எனக்கு அழுகையே வந்தது.

“எல்லாத்தையும் சந்தேகப்பட்டா எப்படிக்கா வாழறது?”

“உயிரோட இருந்தாத்தான வாழறதுக்கு? அந்தப் பக்கம் புடி.”

பிடித்தேன். தன்னிடம் இருந்த டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அவர் வேர்வையில் படுத்துக்கொண்டார். அப்படியும் தங்கை விஷயத்தை நான் முழுசாக மறக்கவில்லை. மனசு அப்படித்தான், ஒருமுறை சந்தேகம் புகுந்துவிட்டால் கதவைத் திறந்துவிட்டாலும் வெளியே போவதில்லை.

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. என் அறைக்கு மேலே மாடி வீட்டின் திறந்த தளம்; அதில் நின்ற மழைநீர் இறங்கி, கூரையில் பழுப்பு நிறத்தில் ஈரம் படர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சர்ச்சுக்குப் போயிருந்தார். எனக்குக் காய்ச்சல், ஹாலில் போர்த்திக்கொண்டு கிடந்தேன். ஒரு லோடு செங்கல்லைக் கவிழ்த்த மாதிரி ஒரு சத்தம். தரை அதிர்ந்தது. அறைக்குள்ளிருந்து வெள்ளைப் புகையாகத் தூசி வந்து என்னை மூடியது.

தூசி அடங்கியதும் எட்டிப் பார்த்தேன். ஒரு கதவு அளவுக்குக் கூரை பெயர்ந்து, என் கட்டில் கிடந்த இடத்தில் குவிந்திருந்தது. மேலே துருப்பிடித்த கம்பிகள் விலா எலும்பு மாதிரி தெரிந்தன. ஃபேன் சாய்ந்து தொங்கியது.

ஹவுஸ் ஓனர் ஓடிவந்தார். கூரையைப் பார்த்தார், கீழே கிடந்ததைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். அப்படியே அந்தக் குப்பைமேல் உட்கார்ந்துவிட்டார்.

“போன மழைக்கே கொஞ்சம் விழுந்துச்சும்மா. பூசி வெள்ளையடிச்சுட்டேன். எம் பையன் வந்து பாத்துக்கறேன்னான்…”

“சொல்லிடுங்க சொல்லிடுங்கன்னு அடிச்சிக்கிட்டேனே” என்று அவர் மனைவி வாசற்படியில் நின்று அழுதார்.

நான் ஹாலில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். குடை சொட்டச் சொட்ட அக்கா உள்ளே வந்தார். பைபிளை என் மடியில் வைத்துவிட்டு என் தலை, தோள், கை எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு ஹவுஸ் ஓனரிடம் திரும்பினார்.

“சார், இப்போ காத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கு?”



அந்த வாரமே ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டுக்கு மாறிவிட்டோம். வீடு பார்க்கப் போனபோது அக்கா பையிலிருந்து ஒரு மரக் கரண்டியை எடுத்து, சுவரெல்லாம் தட்டி, ஸ்டூல் கேட்டு வாங்கிக் கூரையையும் தட்டினார். புது ஓனர் முகம் சுளித்ததைப் பார்த்து நான் வெட்கப்படவில்லை, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். தங்கைக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது, இங்கே வரவேயில்லை. என் கல்யாணம்வரை அக்காவோடுதான் இருந்தேன். இரண்டு வருஷம் முன்பு கோயம்புத்தூரில் அந்தத் தங்கை வீட்டில்தான் அக்கா இறந்துபோனார். செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது.

சமீபத்தில் சேலையூரில் ஒரு வேலையாகப் போனபோது அந்தத் தெருவுக்குள் திரும்பினேன். கேம்ப் ரோட்டில் இப்போதும் தோண்டித்தான் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீடு இருந்த இடத்தில் நாலு மாடி நிற்கிறது. எல்லா ஜன்னல்களும் சாத்தி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு ஏசிப் பெட்டி. கீழ்த்தளம் முழுக்கத் தூண்களும் கார்களும். வாட்ச்மேன் ரப்பர் குழாயால் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“யாரு வோணும் மேடம்?”

“யாரும் இல்ல. முன்னாடி இங்க குடியிருந்தேன்.”

“இங்கயா? இது புச்சு பில்டிங் ஆச்சே. எந்த வூட்ல?”

இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கார் நின்ற இடத்தைக் காட்டினேன். அவர் காரைப் பார்த்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார், நான் கேட்டைத் தாண்டும்வரை கண்ணை எடுக்கவில்லை. தெருவிலிருந்து திரும்பிப் பார்த்தபோது, நான் நின்ற இடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.