புதுப்பட்டிக்கு வந்த நேபாளம்

இன்பம் சிஸ்டருக்குக் கால்பந்து என்றால் உயிர். சிவகாசியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை, வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் குழு என்று வாரம் முழுக்க ஓட்டம்தான். ஆனாலும் டிவியில் பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தால் அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அவருக்குத் தெரியாது. பள்ளியில் படிக்கும்போது கோல்கீப்பராக நின்றவர். மாவட்ட அணிவரைக்கும் வந்தார். அந்த நேரம் பார்த்து நர்சிங் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. கணவர் சுந்தர்ராஜ் கணக்கு வாத்தியார், கிரிக்கெட் பைத்தியம். அந்த வீட்டில் சண்டை என்று ஒன்று வந்தால் ரிமோட்டுக்காகத்தான் வரும்.

போன வருஷம் ஒரு சேதி வந்தது. இந்தியா, இலங்கை, நேபாளம், மாலத்தீவு என்று நான்கு நாட்டுப் பெண்கள் மோதும் நட்புக் கோப்பைப் போட்டி நம் பக்கம் நடக்கப்போகிறது. எல்லா ஆட்டத்தையும் பெரிய நகரத்திலேயே வைத்தால் எப்படி என்று நடத்துகிறவர்கள் யோசித்திருக்கிறார்கள். இறுதி ஆட்டம் விருதுநகரில். அதற்கு முந்தைய ஆட்டங்களில் ஒன்று பட்டாசுக் கிராமம் ஒன்றில். தீபாவளி முடிந்து கம்பெனிகள் லீவு விட்டிருக்கும், ஜனங்களும் ஓய்வாக வந்து பார்ப்பார்கள் என்று கணக்கு. எந்த ஊர், எந்த மைதானம் என்பதை உள்ளூரில் ஒரு குழு பார்த்துச் சொல்ல வேண்டும்.

குழுவில் மூன்று பேர். ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் சீனிவாசகம் தலைவர். விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்கிற, சின்ன வயதிலிருந்தே பந்தாட்டக் கிளப் நடத்திவருகிற நவ்ஷாத் பாய் ஒருவர். மூன்றாவது ஆளாக ஒரு டாக்டர் இருந்தார். அவருக்குத் திருநெல்வேலிக்கு மாற்றல் வந்துவிட, அந்த இடம் இன்பத்துக்கு வந்தது. விளையாடுகிற பிள்ளைக்கு அடிபட்டால் ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று பார்ப்பது அவர் பொறுப்பு. சேதி கேட்ட அன்று அவர் சமைத்த சாம்பாரில் உப்பு இல்லை. சுந்தர்ராஜ் தன் தட்டில் தானே உப்பைப் போட்டுக்கொண்டார்.

ஆட்டம் எங்களுக்கு வேண்டும் என்று மூன்று ஊர்கள் கேட்டிருந்தன. நவ்ஷாத் பாயின் காரில் முதலில் ஏழாயிரம்பண்ணைக்குப் போனார்கள். மானாவாரிக் காட்டுக்கு நடுவே மைதானம். சுண்ணாம்பால் கோடு போட்டு, கோல் கம்பத்துக்குப் பெயிண்ட் அடித்து, மேளம் வைத்து வரவேற்றார்கள். எல்லாம் நன்றாக இருந்தது. நவ்ஷாத் பாய் நடுக்கோட்டில் பந்தை வைத்துவிட்டு டீ வாங்கத் திரும்பினார். பந்து தானாக உருண்டு கிழக்குப் பக்க கோலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

சீனிவாசகம் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஊர்க்காரர் ஒருவர் மட்டும் அசரவில்லை. "அதான் பாதியில சைடு மாத்துறாகளே சார். ஆளுக்குப் பாதி மேடு, ஆளுக்குப் பாதி பள்ளம். இதுல யாருக்கும் வஞ்சகமில்ல" என்றார்.

அடுத்து ஆனைக்குட்டம். அணைத் தண்ணீரை ஒட்டிப் பச்சைப் புல்வெளி. சீனிவாசகம் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடந்து பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தால் அங்கேயே குடிசை போட்டுத் தங்கிவிடுவார் போலிருந்தது. பந்து தண்ணீருக்குள் போனால் எடுத்துத் தர இரண்டு ஆட்களைப் படகோடு நிறுத்துகிறோம் என்று ஊர்க்காரர்கள் உறுதி சொன்னார்கள். பந்து சரி, கோல்கீப்பர் போய்விட்டால் என்ன செய்வது என்று நவ்ஷாத் பாய் கேட்டார். இன்பம் அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார். கார்த்திகை மாதம் இந்த இடம் எப்படி இருக்கும் என்று விசாரித்தார்.

"கார்த்திகையில இங்கன மீனுதான் விளையாடும், சிஸ்டர்" என்றாள் அவள்.

கடைசியாக எம். புதுப்பட்டி. இன்பம் பிறந்த ஊர். அவருடைய அண்ணன் மனைவி செல்லக்கனி அங்கே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். ஆட்டத்தைக் கேட்டு எழுதிப் போட்டதே அவரும் அவரோடு வேலை செய்கிற பெண்களும்தான். சர்ச்சுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் தினமும் வேலை முடிந்து வந்து கல் பொறுக்கியிருக்கிறார்கள். கையில் ஒட்டிய வெடிமருந்துப் பொடியைக் கழுவிவிட்டு நேரே அங்கேதான் வருவார்களாம். செம்மண் தரை தட்டையாக, கெட்டியாக இருந்தது. சீனிவாசகம் பந்தை வைத்தார். அது வைத்த இடத்திலேயே நின்றது. அவர் மனதுக்குள் முடிவு செய்துவிட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. செல்லக்கனி காப்பி போடச் சொல்லி ஆளனுப்பினார்.

இன்பம் மட்டும் காருக்குப் போய்ப் பின் சீட்டில் நீட்டிப் படுத்துக்கொண்டார்.

"நான்தான் அடிபட்ட ஆளு. ஆஸ்பத்திரிக்கு ஓட்டுங்க பாய்" என்றார்.

நவ்ஷாத் பாய் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். ஊரைத் தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. பட்டாசு சீசன் நேரம். எதிரே லோடு ஏற்றிய லாரி. ஒதுங்க இடமில்லாத ஒற்றை ரோடு. வண்டியைப் பின்னுக்கு எடுத்து, வளைந்து, காத்திருந்து, கடைசியில் தரைப்பாலத்துக்கு வந்தபோது இன்பம் எழுந்து உட்கார்ந்தார். அந்தப் பாலத்தை அவருக்குத் தெரியும். மழைக்காலத்தில் அது தண்ணீருக்கு அடியில் போய்விடும். அதனாலேயே பள்ளிக்குப் போகாமல் வீட்டில் கிடந்த நாட்கள் எத்தனையோ. ஆட்டமும் மழைக்காலத்தில்தான்.

திரும்பி வந்து எல்லோர் முன்பும் சொன்னார். மைதானம் நல்ல மைதானம், ஆனால் அவசரத்துக்கு வெளியேற வழியில்லை, அதனால் இங்கே நடத்தலாம் என்று நான் சொல்ல மாட்டேன் என்றார்.

செல்லக்கனிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"வெளியாளு வந்து சொன்னா அது வேற. இந்த ஊர்ல பொறந்தவ நீ சொல்றியே இன்பம்."

"மழையில ஒரு பிள்ளைக்குக் கால் முறிஞ்சா எந்தப் பக்கமா தூக்கிட்டு ஓடுவீக மதினி? பொறந்தவ நான் சொல்லலைன்னா வேற யாரு சொல்லுவா?"

காப்பி ஆறிப்போய் அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்து இன்பம் அழுதார். நீ சொன்னது சரிதான் என்று சுந்தர்ராஜ் சொல்லிப் பார்த்தார். சரி என்று தெரிந்ததால்தான் அழுகிறேன் என்றார் இன்பம். அன்று ரிமோட்டைச் சுந்தர்ராஜ் தானாகவே கொண்டுவந்து நீட்டினார். இன்பம் வாங்கவில்லை.

மூன்று ஊரும் தேறவில்லை, கிராம ஆட்டத்தையும் விருதுநகருக்கே மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிடலாம் என்று சீனிவாசகம் யோசித்துக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில் ஒருநாள் காலை இன்பம் ராத்திரி வேலை முடிந்து வெளியே வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் கம்பெனி வேன் நின்றது. உள்ளே செல்லக்கனியும் ஐந்தாறு பெண்களும்.

"உனக்குப் பாதைதான வேணும்? ஏறு" என்றார் செல்லக்கனி.

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். மைதானத்துக்குத் தெற்கே மேட்டு நிலம். அதன் வழியே பழைய வண்டித்தடம் ஒன்று தார் ரோட்டில் போய்ச் சேருகிறது. எந்த மழைக்கும் அங்கே தண்ணீர் ஏறாது. ஆனால் அந்த நிலம் தங்கப்பாண்டியன் என்கிற முதலாளியின் பட்டாசுக் கம்பெனியைச் சேர்ந்தது. வேலி போட்டு, கேட்டு போட்டுப் பூட்டியிருந்தார். செல்லக்கனிக்கு வேலையும் அங்கேதான்.

தங்கப்பாண்டியன் முதலில் முடியாது என்றார். வெடிமருந்து இருக்கிற இடம், எவனாவது பீடியோடு போனால் யார் பொறுப்பு என்று கேட்டார். பெண்கள் வாதாட வாயெடுத்தார்கள். இன்பம் தடுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் எத்தனையோ தீக்காயத்துக்குக் கட்டுப் போட்ட கை அவருடையது. முதலாளி பயப்படுவது நியாயம்தான் என்று அவர் சொன்னதும் தங்கப்பாண்டியனே கொஞ்சம் தணிந்தார். பிறகு இருவருமாக நிலத்தைச் சுற்றி நடந்தார்கள். ஷெட்டுகளை விட்டு விலகி, சும்மா கிடக்கிற கரிசலின் கடைசி ஓரமாகத் தடத்தைத் திருப்பினால்? நடுவில் வேலியை வைத்தால்? தார் ரோட்டுப் பக்கம் ஒரு ஆளை நிறுத்தினால்?

தங்கப்பாண்டியன் ஷெட்டுகளைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க ஆளுகளுக்கு ஒண்ணுன்னாலும் அந்தத் தரைப்பாலத்த நம்பித்தான் இருக்கோம். இத நான் எப்பவோ செஞ்சிருக்கணும் சிஸ்டர்" என்றார்.

தீபாவளி முடிந்து கம்பெனிகள் மூடியதும் வேலை ஆரம்பித்தது. முதலாளி டிராக்டரும் சரளும் அனுப்பினார். ஆணும் பெண்ணுமாக முள் வெட்டி, பள்ளம் நிரப்பி, வேலி நட்டார்கள். மதியத்துக்குச் சட்டி சட்டியாகச் சாப்பாடு வந்தது. செல்லக்கனி இன்னமும் நாத்தனாரோடு முறைப்பாகத்தான் இருந்தார், ஆனால் கறித்துண்டு மட்டும் இன்பத்தின் தட்டில் கூடுதலாக விழுந்தது. பாதை முடிந்த அன்று நவ்ஷாத் பாய் கார் வந்தது. இன்பம் பின் சீட்டில் படுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபிறகுதான் எழுந்தார். சீனிவாசகம் அன்றைக்கே சென்னையில் இருக்கிற போட்டி நடத்துகிறவர்களுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்: நேபாளமும் மாலத்தீவும் மோதும் ஆட்டம் எம். புதுப்பட்டியில்.

ஆட்டத்துக்கு முதல் நாள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தரைப்பாலம் காணாமல் போனது. விடிந்ததும் வெயில் அடிக்க, நேபாளத்துப் பெண்கள் வந்த பஸ் மேட்டுப்பாதையில் அசைந்து அசைந்து ஏறி வந்தது. பின்னால் மாலத்தீவு பஸ். அதற்கும் பின்னால் ஏழாயிரம்பண்ணைக்காரர்கள் மூட்டை நிறையச் சேவோடு ஒரு வேனில் வந்தார்கள். ஆனைக்குட்டத்துக்காரர்கள் குண்டான் குண்டானாக மீன் குழம்பு கொண்டுவந்தார்கள். தங்கள் ஊருக்குக் கிடைக்கவில்லையே என்ற கோபம் ஒருவர் முகத்திலும் இல்லை. வந்த உடனே கோட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடிக்கத்தான் சண்டை.

யாருக்குக் கைதட்டுவது என்பது பெரிய குழப்பமாக இருந்தது. கடைசியில் சர்ச் பக்கம் உட்கார்ந்தவர்கள் நேபாளத்துக்கும், கடைத்தெருப் பக்கம் உட்கார்ந்தவர்கள் மாலத்தீவுக்கும் என்று பிரித்துக்கொண்டார்கள். தீபாவளிச் சேலையில் பெண்கள் தொண்டை வற்றக் கத்தினார்கள். நேபாளத்து கோல்கீப்பர் குள்ளமான பெண். உயரப் பந்தை அவள் எம்பிப் பிடித்தபோதெல்லாம் இன்பம் இருந்த இடத்திலேயே எழுந்து எழுந்து உட்கார்ந்தார். ஒரு மாலத்தீவுப் பெண்ணுக்குக் கால் பிசகியது. இன்பம் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பார்த்தார். சுளுக்குதான். ஐஸ் வைத்துக் கட்டியதும் அவள் நொண்டாமல் நடந்துபோனாள். ஆம்புலன்ஸ் அன்று முழுக்கச் சும்மாவே நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க இன்பத்துக்குச் சந்தோஷம்.

இரண்டுக்கு இரண்டு என்று ஆட்டம் சமனில் முடிந்தது. இரண்டு பக்கமும் ஜெயித்த மாதிரிக் குதித்தது. விசில் ஊதும்வரை ஒரு வெடிகூட வெடிக்கக்கூடாது என்று இன்பம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஊதியதும் தூரத்துக் காட்டில் தங்கப்பாண்டியன் ஆட்கள் வாணத்தைக் கொளுத்தினார்கள். பொழுது சாயும் நேரத்து வானத்தில் பச்சையும் சிவப்புமாக விரிந்ததை இரண்டு நாட்டுப் பெண்களும் தோளில் கைபோட்டு நின்று அண்ணாந்து பார்த்தார்கள். அந்தக் குள்ளப் பெண் செல்லக்கனியின் கையைப் பிடித்து, வாணத்தையும் அவரையும் மாறி மாறிக் காட்டி ஏதோ கேட்டாள். நீங்கள் செய்ததா என்று கேட்கிறாள் போலிருக்கிறது. செல்லக்கனி தலையாட்டினார். அவருக்கு வெட்கம் வந்துவிட்டது.

பஸ்கள் போனபிறகு செல்லக்கனி வீட்டில் ஆனைக்குட்டத்து மீன் குழம்போடு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாலத்தீவின் இரண்டாவது கோல் ஆஃப்சைடு என்று செல்லக்கனி ஆரம்பித்தார். அந்த வார்த்தையை அவர் கற்றுக்கொண்டதே அன்று மத்தியானம்தான். இல்லை மதினி, கோல்கீப்பர் போக நேபாளத்துப் பெண் இன்னொருத்தியும் பின்னால் நின்றாள் என்று இன்பம் விளக்கினார். செல்லக்கனி ஒப்புக்கொள்ளவில்லை. தட்டில் ஒரு மீனைக் கோல்கீப்பராகவும் இரண்டு முருங்கைக்காயை ஆட்டக்காரர்களாகவும் வைத்து நிரூபித்துக் காட்டினார். சுந்தர்ராஜ் நடுவராகக் கூப்பிடப்பட்டார். தனக்குக் கிரிக்கெட் தவிர வேறெதுவும் தெரியாது என்று சொல்லி, கோல்கீப்பரை எடுத்துச் சாப்பிட்டுவிட்டார்.