அரிசி லாரி வரும் என்று சொன்னவர்

எங்கள் சிம்துவால், மலைமுகட்டின் மேல் நீளவாக்கில் கிடக்கும் ஊர். ஒரு முனையில் கத்தினால் மறுமுனைக்குக் கேட்காது. ரோதுவாமா சொன்னால் மட்டும் கேட்கும். இருபத்திரண்டு வருஷம் அவர்தான் ஊருக்குச் சேதி சொல்லிக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்து வீட்டு அடுப்புகள் புகையத் தொடங்கும் நேரத்தில் தேவாலயத்துப் பாறை, நடு மைதானம், கீழ்த்தெரு முக்கு என்று மூன்று இடங்களில் நிற்பார். முரசு கிடையாது, மணி கிடையாது. வலது கையைக் காதோரம் வைத்துக்கொண்டு, "ஊராரே, கேளுங்க" என்று தொடங்குவார். நாளைக்குத் தண்ணீர்த் தொட்டி கழுவ வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும், ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்திருக்கிறது, மேல்தெருவில் ஒரு சாவு, வாலிபர் சங்கத்தார் காலை ஆறு மணிக்குக் குழி தோண்ட மண்வெட்டியோடு வர வேண்டும். அவர் வாயிலிருந்து வராத எதுவும் எங்களுக்குச் சேதி இல்லை.

இத்தனைக்கும் அவர் பேச்சுக்காரர் அல்ல. டீக்கடையில் வெல்லக்கட்டியைக் கடித்துக்கொண்டு கறுப்புத் தேநீர் குடிப்பார். மற்றவர்கள் பேசுவதைக் கேட்டபடி இருப்பார். கிளர்ச்சியை அடக்க வந்த ராணுவம் எங்கள் ஊர்களையெல்லாம் கொளுத்தி ஜனங்களைச் சாலையோரம் ஒன்றாகக் குவித்த ஆண்டில் அவருக்குப் பதினாறு வயது. அந்த முகாமில் நாலு ஊர் ஆட்கள் கலந்து கிடந்தார்கள். அங்கேதான் வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகினேன் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். பழைய ஆள் ஓய்ந்தபோது ஊர்க் கவுன்சில் மூன்று பேரைப் பாறையில் நிறுத்திக் கத்தச் சொன்னது. கீழ்முனையில் இருந்த என் அப்பாவுக்கு ரோதுவாமாவின் குரல் மட்டும்தான் சொல் சொல்லாகக் கேட்டதாம். வேலை அவருக்கு வந்தது. கூலியாக அறுவடைக்குப் பிறகு வீட்டுக்கு ஒரு தகர டின் நெல்.

குரல் கிடைத்த பிறகு கொஞ்சம் குறும்பும் வந்தது. கைலியானாவின் பன்றி தொலைந்த அன்று, "காதுல வெள்ளை உள்ள பன்னி. பார்த்தவங்க சமைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்று மூன்று இடத்திலும் சொன்னார். கைலியானா எங்கள் ஊர்க் கவுன்சில் தலைவர். அவர் அதை அவ்வளவாக ரசிக்கவில்லை.

மனைவி நுரையீரல் நோயில் போய்ச் சேர்ந்த பிறகு ரோதுவாமாவும் மகள் ஸோமாவீயும்தான். எங்கள் வழக்கப்படி அவரை ஸோமாவீ அப்பா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். மகள் லுங்லெய் டவுனுக்கு நர்ஸ் படிக்கப் போனாள். அவர் தனியாக இருந்தார். என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு மூங்கில் வேலிதான்.

அப்புறம் மூங்கில் பூத்தது. நாற்பத்தெட்டு வருஷத்துக்கு ஒரு தடவை மலை முழுவதும் ஒன்றாகப் பூத்துக் காய்த்துச் சாகும் மூங்கில். அந்தக் காயைத் தின்று எலி பெருகும். காய் தீர்ந்ததும் வயலுக்கு இறங்கும். போன தடவை ரோதுவாமாவுக்கு எட்டு வயது. இந்த முறை வரப்போவது எல்லாருக்கும் தெரியும். அரசாங்கம் எலி வாலுக்குக் காசு கொடுத்தது. எலி தொடாத மஞ்சளும் இஞ்சியும் போடச் சொன்னது. போட்டோம். என்றாலும் அந்த அக்டோபரில், நாளை அறுக்கலாம் என்று விட்டுவந்த சரிவு வயல் மறுநாள் காலை வெறும் தாளாக நின்றது. கதிர் ஒன்றுகூட இல்லை. என் தம்பி வயலின் நடுவில் குந்தி உட்கார்ந்தவன் மதியம்வரை எழுந்திருக்கவில்லை.

அடுத்த வருஷம் ஜூலைக்குள் ஊரில் இருந்த பழைய நெல்லும் முடிந்தது. காட்டு வள்ளிக்கிழங்கு, வாழைத்தண்டு, புகையில் வாட்டிய எலி, மக்காச்சோளம் இருந்தால் அது. அந்த ஆண்டு ரோதுவாமாவுக்கு யாரும் நெல் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மத்தியானம் பிள்ளைகள் மேஜையில் தலைவைத்துத் தூங்குவார்கள். பாடம் நடத்தும் நான் அவர்களை எழுப்ப மாட்டேன்.

லுங்லெய்யிலிருந்து அரிசி லாரி புறப்பட்டுவிட்டது என்று கைலியானாவுக்குத் தொலைபேசியில் சேதி வந்தது. அன்று மாலை ரோதுவாமா மூன்று இடத்திலும் சொன்னார்: வியாழக்கிழமை அரிசி வரும். வியாழன் வந்தது, மழை வந்தது, லாரி வரவில்லை. ஞாயிறு தேவாலயம் முடிந்ததும் மறுபடி சேதி. அடுத்த வியாழன். அதுவும் பொய்த்தது. மூன்றாவது தடவை அவர் சொன்னபோது டீக்கடையில் இருந்த ஆண்கள் சிரித்தார்கள். மறுநாள் அவர் உள்ளே நுழைந்ததும் ஒருவன் கேட்டான்: "ஸோமாவீ அப்பா, எந்த வருஷத்து வியாழன்னு சொல்லலியே?" அவர் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

மூன்றாவது வியாழனும் கழிந்த மறுநாள் காலை ருவால்குமி அவர் வீட்டுக்கு வந்தாள். கணவன் இல்லாதவள், படுத்த படுக்கையான மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு கீழ்த்தெருவில் இருந்தாள். காட்டில் கிழங்கு தோண்டப் போய்ச் சறுக்கி விழுந்ததில் முழங்கை வீங்கியிருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது. அவள் சத்தம் போடவில்லை.

"புதன்கிழமை பக்கத்து வீட்டுல அடுப்பே பத்த வைக்கல. என்கிட்ட ரெண்டு படி இருந்துச்சு. நாளைக்கு அரிசி வருதுன்னு நீங்க சொன்னீங்கல்ல, அதான் ஒரு படியைத் தூக்கிக் குடுத்துட்டேன். திருப்பிக் கேக்க வாய் வரல. அடுத்த தடவை நிஜமா வருதுன்னா மட்டும் சொல்லுங்கண்ணே."

ரோதுவாமா அவளை உட்காரச் சொல்லி, வீட்டில் இருந்த சோளத்தில் பாதியைக் கட்டிக்கொடுத்தார்.  அவள் போன பிறகு குடையை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனார். அங்கே நடந்ததைக் கைலியானாவின் மனைவியே பிற்பாடு எனக்குச் சொன்னாள்.

நான்காவது சேதி அன்றைக்குத்தான் வந்திருந்தது. அதைச் சாயங்காலம் சொல்லுங்கள் என்றார் தலைவர். மாட்டேன் என்றார் ரோதுவாமா.

"போன்ல சொன்னதைத்தானே நான் உங்ககிட்ட சொல்றேன்? நானா கட்டிவிடறேன்?"

"உங்களைக் குத்தம் சொல்லல தலைவரே. சேதி எங்கேர்ந்தோ வருது. ஆனா ஊரு கேக்குறது என் குரலைத்தான். என்னை நம்பி ஒருத்தி அரிசியைக் குடுத்துட்டுப் பட்டினி கெடக்குறா."

"ஒண்ணுமே சொல்லாம இருந்தா? நாளைக்கே பாதிப் பேர் வீட்டைப் பூட்டிட்டு லுங்லெய்க்குப் போயிடுவாங்க. போனவங்க திரும்புவாங்களா? பள்ளிக்கூடம் போயிடும், எல்லாம் போயிடும். அதை யோசிச்சியா நீ?"

அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. பக்கத்து மலையில் அப்படிக் காலியான ஊர் எங்களுக்குத் தெரியும். ரோதுவாமா அதை மறுக்கவில்லை. லாரியைக் கண்ணால் பார்த்த பிறகு சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். அன்று மாலை பாறையில் யாரும் நிற்கவில்லை. ஊர் முழுவதும் ஒருமாதிரி அமைதியாக இருந்தது. நான் இரண்டு முறை வெளியே வந்து பார்த்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் அவர் கிளம்பிவிட்டார். ஐம்பத்தேழு வயது, கையில் ஒரு கத்தி, இடுப்பில் வேகவைத்த கிழங்கு. லுங்லெய் சாலையில் பதினான்கு கிலோமீட்டர் நடந்தபின் சாலையே இல்லை. மலைச்சரிவு ஒன்று பெயர்ந்து சாலையை மரங்களோடு ஓடைக்குள் தள்ளியிருந்தது. மறுபக்கம் தார்ப்பாய் போட்ட லாரி நின்றது.

சேற்றில் தவழ்ந்து, வேர்களைப் பிடித்து மேலேறி, ஒருவழியாக அந்தப் பக்கம் போனார். டிரைவர் நிதாய், கீழே சமவெளியில் இருக்கும் சில்சாரைச் சேர்ந்த வங்காளி. முதல் வியாழனுக்கு முந்தின நாளிலிருந்து அங்கேயே இருக்கிறான். பின்னாலும் சிறிய சரிவு விழுந்ததால் திரும்பவும் வழியில்லை. அந்த இடத்தில் போன் எடுக்காது. கிளீனர் நடந்துபோய் லுங்லெய்யில் சொல்லிவிட்டுக் காய்ச்சலில் படுத்துவிட்டானாம். இந்த வாரம் சாலையைச் சரிசெய்துவிடுவோம் என்றே அங்கே ஒவ்வொரு வாரமும் சொன்னார்களாம். அரிசி மூட்டை நனையாமல் இருக்கத் தன் போர்வையையும் மேலே போட்டு மூடியிருந்தான் நிதாய். ரோதுவாமாவுக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் இருவரும் பேசியிருக்கிறார்கள். கொண்டுபோன கிழங்கை நிதாயும் அவரும் பங்கிட்டுத் தின்றார்கள். அரிசி மூட்டைக்கு மேல் படுத்துக்கொண்டு அந்த மனுஷன் பட்டினி கிடந்தான் என்பதை ரோதுவாமா பின்னால் பலரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அரசாங்கச் சரக்கு, தலைவர் நேரில் வந்து முத்திரை போட்டுக் கையெழுத்து வைக்காமல் ஒரு மூட்டையைக்கூடத் தர முடியாது என்றான் அவன். அதற்காக அவர் அவனைக் கோபிக்கவில்லை.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. இடுப்புவரை சேறு. வீட்டுக்குப் போகவில்லை, தலைவர் வீட்டுக்கும் போகவில்லை. நேராகப் பாறையில் ஏறினார். கவுன்சில் சொல்லாமல் சேதி சொல்லக் கூடாது என்பது விதி. அது அவருக்குத் தெரியாதது அல்ல.

"ஊராரே, கேளுங்க. இது போன்ல வந்த சேதி இல்ல. நான் போய்ப் பார்த்துட்டு வந்தது. லாரி நம்ம ஊருக்கு வராது. பதினாலாவது கிலோமீட்டர்ல ரோடு இல்ல. அந்தப் பக்கம் அறுபது மூட்டை அரிசி நிக்குது, நனையல. நாம போனாத்தான் அரிசி. கூடை எடுக்க முடிஞ்சவங்க எல்லாரும் விடியக்காலம் இங்க வாங்க. நாளைக்கு ஓய்வுநாள்னு எனக்கும் தெரியும். போதகர் எப்படிச் சொல்றாரோ அப்படி. தலைவர் முத்திரையோட வந்தாத்தான் மூட்டையை இறக்குவாங்க. தலைவரே, நீங்க வரணும்."

ஊர் முன்னால் தலைவரை இப்படிக் கூப்பிட்டதே அவமரியாதைதான். கைலியானா தன் வீட்டு முற்றத்தில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ரோதுவாமா மைதானத்திலும் கீழ்த்தெருவிலும் அதையே ஒரு சொல் மாறாமல் சொன்னார். குரல் கடைசியில் கம்மிப்போனது.

போதகர் அன்று இரவே வீடு வீடாக ஆள் அனுப்பினார். ஆராதனை சரிவுக்குப் பக்கத்தில், சாலையிலேயே நடக்கும் என்றார். காலையில் நான் கூடையோடு போனபோது பாறைக்கு முன்னால் ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கைலியானா. முத்திரையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தார். ரோதுவாமாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். 

ஊரின் தொண்ணூற்று நான்கு வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். ஆண்கள் சரிவின் குறுக்கே மூங்கில் வெட்டிப் படியும் கைப்பிடியும் கட்டினார்கள். தலைவர் சேற்றில் வழுக்கி விழுந்தபோது அவரைப் பிடித்துத் தூக்கியவர் ரோதுவாமாதான். அந்தக் கணத்தில் கைலியானா சொன்னது என் காதில் விழுந்தது: "என் பன்னிக்குக்கூட நீ இவ்வளவு தூரம் நடக்கலியே." ரோதுவாமா சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்.

கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டி, முதுகில் அரை மூட்டை. பதினான்கு கிலோமீட்டர் ஏற்றம். இரண்டு நாள் சுமந்தோம். முழங்கை வீங்கிய ருவால்குமியின் பங்கை வாலிபர் சங்கத்தார் தூக்கினார்கள். நிதாயை ஊருக்குக் கூட்டிவந்து ரோதுவாமா வீட்டில் தங்கவைத்தார்கள். அவன் முதல் கவளம் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் பார்த்தபடியே இருந்தான்.

அடுத்த வாரம் கவுன்சில் கூடியது. விதியை மீறியதற்கு ரோதுவாமா மன்னிப்புக் கேட்டு, வேலையை விட்டுவிடுகிறேன் என்றார். உறுப்பினர் ஒருவர் அதுதான் சரி என்றார். இன்று அரிசி, நாளைக்கு இன்னொன்றை இஷ்டத்துக்குச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்டார். கைலியானா, விதியில் ஒரு வரி சேர்க்கலாம் என்றார். சேதி சொல்கிறவர் அது எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பார்த்ததா, காகிதத்தில் வந்ததா, போனில் வந்ததா, யாரோ சொன்னதா. கேட்கிறவர்கள் அதற்குத் தகுந்தாற்போல் நம்பிக்கொள்ளட்டும். அந்த வரியைக் கவுன்சில் புத்தகத்தில் எழுதியது நான்தான். என் கையெழுத்து நன்றாயிருக்கும் என்பதால்.

செப்டம்பரில் சாலையைச் சரிசெய்தார்கள். ஒரு புதன்கிழமை மத்தியானம், யாருக்கும் முன்கூட்டித் தெரியாமல் லாரி ஊருக்குள் வந்து நின்று ஹார்ன் அடித்தது. ரோதுவாமா தொலைவில் வயலில் இருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது அரிசியைப் பங்கிட்டு முடித்திருந்தோம். அவர் பங்கை என் வீட்டில் வைத்திருந்தேன்.

"யாரு சொன்னாங்க எல்லாருக்கும்?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல, ஸோமாவீ அப்பா. ஹார்ன் சத்தம் கேட்டு ஓடினோம்."

கொஞ்சம் ஏமாற்றம்தான் அவருக்கு. ஆனால் பசி அதிகமாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து, கீரைக் குழம்போடு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

பிறகும் ஆறு வருஷம் அவர்தான் சொன்னார். ஒலிபெருக்கி வந்தபோது குறை ஒன்றும் சொல்லாமல் விலகிக்கொண்டார். எலி தின்ற தன் சரிவு வயலில் அவர் மறுபடி நெல் போடவேயில்லை; ஆரஞ்சுக் கன்று வைத்தார். ஸோமாவீக்கு லுங்லெய் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. எங்கேயும் வரமாட்டேன் என்று இரண்டு வருஷம் பிடிவாதம் பிடித்துவிட்டுக் கடைசியில் அவளோடு போய்விட்டார். டிசம்பர் மாதம் ஆரஞ்சு பறிக்க வருவார். தோட்டத்தை ருவால்குமியின் மூத்த மகன் பார்த்துக்கொள்கிறான். பழம் புளிக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். அவர் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார்.