மரப்பலகையில் ஓரடி இடம்

அந்தப் படத்தில் எங்கள் ஃபிட்டரின் மார்புக்குள்ளே ரயில்பெட்டியின் மரப்பலகை தெரிகிறது. சட்டைப் பொத்தானும் இருக்கிறது, அதன் வழியாகவே பின்சாய்மானத்தின் ஆணித்தலையும் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேரும் தெளிவாகத்தான் விழுந்திருக்கிறார்கள். அவர்தான் புகை மாதிரி.

யுத்த காலம். திருத்தணியிலிருந்து அரக்கோணத்துக்குக் காலை பாசஞ்சரில் வேலைக்குப் போய்வந்தேன். பர்மாவிலிருந்து நடந்தே வந்த சித்தப்பா எனக்கொரு பெட்டிக் கேமரா கொடுத்திருந்தார். ஃபிலிம் லேசில் கிடைக்காது, ஒரு சுருளை மாதக்கணக்கில் வைத்துக்கொள்வேன். வண்டி புறப்படுமுன் கிடைக்கும் ஐந்து நிமிஷந்தான் என் ஸ்டுடியோ. எதிர்ப்பலகையில் கேமராவை வைத்து, உள்ளே வெளிச்சம் போதாததால் ஷட்டரைத் திறந்துவிட்டுப் பத்துவரை எண்ணுவேன். அதற்குள் அசைந்தவர் படத்தில் கரைந்துபோவார். "இன்னாப்பா, மூச்சு வுடலாமா, அதுக்கும் டிக்கெட் எடுக்கணுமா?" என்று கேட்டுச் சிரிக்கவைப்பவர், அரக்கோணம் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த இந்த ஃபிட்டர்தான்.

படத்தைக் கையில் கொடுத்தபோது அவர் சிரிக்கவில்லை. "அந்தம்மாவுக்கு எடம் குடுக்க எழுந்து நவுந்தேன் இல்ல, அதான்" என்றார்.

"எந்தம்மாண்ணா?"

"ஈரப் பொடவையோட ஏறுனாங்களே. நீ எண்ணிக்கினு இருந்தே."

படத்தில் அப்படி யாருமில்லை. மற்ற மூவரைக் கேட்டேன், யாரும் ஏறவில்லை என்றார்கள். நடந்துகொண்டே இருப்பவர் படத்தில் விழமாட்டார், அந்தம்மா உட்காராமல் போயிருப்பார் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன்.

"ஒக்காந்தாங்கப்பா. அரக்கோணம் வரைக்கும் என் பக்கத்துல ஈரம்."

மறுநாளிலிருந்து அவர் வண்டிக்கு வரவில்லை. எட்டாம் நாள் அவர் மனைவி ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். "தம்பி, ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. என்னெ கூப்புட வந்துட்டாங்கன்னு சொல்லிக்கினு செவுத்த பாத்துக்கினு ஒக்காந்துகினு இருக்காரு. நாளைக்கும் வரலன்னா பேர அடிச்சிடுவேன்னு மேஸ்திரி சொல்லி அனுப்பிட்டாரு. வேல போச்சுன்னா நாங்க அஞ்சு பேரும் எங்கங்க போறது? அந்தப் படத்த எடுத்தது நீங்கதானே?"

நான்தான். அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். "அண்ணா, நாளைக்கு வண்டியில இன்னொரு படம் எடுக்கறேன். அவங்க இருக்காங்களா இல்லையான்னு பாத்துடலாம்."

"இருந்தா?" என்றார்.

அவர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். "ஆங். வரேன்."

மறுநாள், ஆடிக் கிருத்திகை முடிந்து மலையிறங்கிய கூட்டம் முழுக்க அந்த வண்டியில் இருந்தது. கால் வைக்க இடமில்லை. ஃபிட்டர் முன்னாடியே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஓரடி இடம் விட்டு. கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டு கண்கூடச் சிமிட்டவில்லை. எதிர்ப்பலகையில் நெருக்கி இடம் பிடித்துக் கேமராவை வைத்து நான் எண்ணினேன். அவர் பக்கத்திலிருந்த அந்த ஓரடி இடத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மேஸ்திரி நாலு வசவோடு அவரைச் சேர்த்துக்கொண்டார். நான் அரக்கோணத்து ஸ்டுடியோக்காரரிடம் கெஞ்சி உடனே கழுவி வாங்கினேன். சாயங்கால வண்டியில் ஃபிட்டர் அதைப் பார்த்தார். அவர் முழுசாக இருந்தார், பக்கத்தில் பலகை காலியாக இருந்தது. அந்த இடத்தை நகத்தால் மெல்லத் தடவினார்.

"எறங்கிட்டாங்க" என்றார். அப்படி ஒரு நிம்மதியை நான் ஒரு முகத்தில் பார்த்ததில்லை. திருத்தணி வருவதற்குள் பழையபடி வாயாட ஆரம்பித்துவிட்டார்.

அதற்கப்புறம் அவர் பல வருஷம் அதே வண்டியில் வேலைக்கு வந்து, ஓய்வு பெற்று, பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் போனார். இரண்டு படங்களும் இப்போது என்னிடம்தான் இருக்கின்றன. ஆவி மாதிரி இருக்கும் முதல் படத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது. இரண்டாவதை எடுத்துப் பார்க்கத்தான் யோசனையாக இருக்கிறது. அதில் தரையெல்லாம், அசைந்ததில் கலங்கலாக, மொட்டைத் தலைகள், இடுப்பில் பிள்ளைகளோடு நிற்கிற பெண்கள், கதவில் தொங்குகிற ஆட்கள். அங்கே உட்காராதே என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, ஃபிட்டரும் சொல்லவில்லை. அவ்வளவு நெரிசலில் அந்த ஓரடி இடத்தில் ஒருவர்கூட உட்காரவில்லை.

இதை நான் கண்டுகொண்டது அன்றைக்கு அந்தச் சாயங்கால வண்டியிலேயேதான், அவர் நகம் அந்த இடத்தைத் தடவியபோது. அவரிடம் சொல்லவில்லை. மறுநாள் அவர் வேலைக்கு வரவேண்டியிருந்தது.