நாறாத சரக்கு

என் அண்ணனின் பெண்சாதி யசிந்தாவை இப்போது எல்லாரும் புகழ்கிறார்கள். மாதர் சங்கக் கூட்டமொன்றில் ஒரு பிள்ளை அவளைச் 'சுயதொழில் முன்னோடி' என்று கூடச் சொல்லிவிட்டாள். பக்கத்தில் இருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. முன்னால் ஓட வேண்டுமென்று அவள் எங்கே ஆசைப்பட்டாள்? கடலைப் பூட்டிவிட்டார்கள். அடுப்பையும் பூட்ட அவளுக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

குருநகரில் அவர்களுடைய வீடும் என்னுடைய வீடும் ஒரே வளவுக்குள். தொண்ணூறாம் ஆண்டு சண்டை திரும்பவும் தொடங்க, கடலுக்குப் போகத் தடை வந்தது. தடையை மீறிப் போன சிலர் திரும்பி வரவில்லை. வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. அண்ணன் அடைக்கலநாதன் விடிய எழும்பிக் கரைக்குப் போவார், காற்றைப் பார்ப்பார், திரும்பி வந்து சுவர்ப்பக்கம் முகத்தை வைத்துப் படுத்துவிடுவார். எங்கள் தெரு ஆம்பிளைகள் எல்லாரும் அப்படித்தான். காற்றைப் பார்க்க யார் சம்பளம் தருகிறார்கள்?

யசிந்தா ஆள் சின்னன், குரல் பெரிது. கலியாணம் கட்டி வந்த காலம் முதல் மீன்கூடையைச் சுமந்துகொண்டு திருநெல்வேலி, கோண்டாவில் பக்கமெல்லாம் விற்றவள். மீன்காரிக்கு ஒரு சட்டம் உண்டு. காலையில் ஒரு விலை, வெயில் ஏற ஒரு விலை, உச்சிக்குப் பிறகு கேட்ட விலை. நிறைந்த கூடையோடு மட்டும் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. ஐஸ் இல்லாத ஊரில் மீன் யாருக்காகவும் காத்திருக்காது. அப்படித் திரும்பி வந்தவளைப் பார்த்து, "இவளுக்கு வாய் செத்துப்போச்சு" என்று தெரு சொல்லும். யசிந்தாவை அப்படி யாரும் சொன்னதில்லை.

கடல் பூட்டுண்ட பிறகு விற்க மீனும் இல்லை. ஒருநாள் அரிசி தேடி நடந்து வரும்போது, அவளுக்கு முன்னால் விறகு கட்டிப் போன ஒருவரின் சைக்கிள் சரிந்து, விறகெல்லாம் தெருவில் சிதறியது. பெற்றோல் இல்லாத அந்த நாட்களில் சைக்கிள்தான் எங்களுக்கு லொறி. அரிசி மூட்டை, வாழைக்குலை, நோயாளி எல்லாம் இருக்கைக்குப் பின்னால் உள்ள கரியலில்தான் போகும். கட்டுவதற்குப் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டின பட்டி வேண்டும். ரியூப்பே வராத ஊரில் பட்டிக்கு எங்கே போவது? யசிந்தா விறகு பொறுக்கிக் கொடுத்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தாள். கொட்டிலில் கிடந்த பழைய நைலோன் வலையை இழுத்துக் கத்தியை வைத்தாள்.

அண்ணன் பாய்ந்து வந்தார். "நான் இன்னும் சாகேல்லையடி! என்ரை வலையை வெட்டிறியோ?"

"உது கிழிஞ்ச வலை. மீனுக்கு உதவாது, மூட்டைக்கு உதவும்."

வெட்டின கரையை இறுக்கி முடிந்து, நாலு மூலைக்கும் கம்பியை வளைத்துக் கொளுக்கி வைத்தாள். மூட்டைக்கு மேலே விரித்துக் கரியலில் கொளுவினால் ஆடாமல் அசையாமல் இருந்தது. கரியல் வலை என்று நான்தான் பெயர் வைத்தேன். பின்னாளில் தொண்ணூற்றைந்தில் ஊர் முழுக்க இடம்பெயர்ந்து போனபோது, எனக்கு முன்னால் போன சைக்கிள்களில் எத்தனையோ எங்கள் வலையைத்தான் சுமந்து போயின. அழுகைக்கு நடுவிலும் அதைக் கண்டுகொண்டேதான் நடந்தேன்.

நானும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் அவளோடு சேர்ந்தோம். முதலில் வெட்கப்பட்ட ஆம்பிளைகளும், கதவைச் சாத்திவிட்டு உள்ளுக்கு இருந்து முடிச்சுப் போட்டார்கள். வேலையில்லாத கைக்கு நூல் கிடைத்தால் விடுமா? அண்ணன் மட்டும் தொடவில்லை. மீன் பிடித்த கையால் வெங்காய மூட்டைக்கு முடிச்சுப் போடுவதா என்பது அவருடைய ரோசம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஆனால் அவர் பக்கத்தையும் நினைத்துப் பார்க்கிறேன். பசி வீட்டுக்குள் மட்டும்தான். சும்மா இருக்கிற வெட்கம் தெருவிலும் கூடவே வரும்.

திருநெல்வேலிச் சந்தையில் முதல்நாள் நல்ல வியாபாரம். ஆனால் வெயில் ஏறியதும் யசிந்தா விலையை இறக்கினாள். உச்சியில் இன்னும் இறக்கினாள். கடைசி வலையைக் கொளுக்கிக் கம்பியின் காசுக்கே கொடுத்தாள்.

"என்ன விசரே உனக்கு? உது நாறியே போகப்போகுது?" என்றேன்.

"தெரியும் மச்சாள். வெயில் தலையிலை பட்டவுடனை வாய் தானாய் இறக்குது" என்றாள். முகத்தில் அசடு வழிந்தது.

ஒருநாள் என்றால் பரவாயில்லை. ஒவ்வொரு நாளும் இதே கூத்து. தோட்டக்காரர்கள் சும்மா ஆட்களா? உரும்பிராய்க் கதிரவேலு, தன் மரக்கறியை விற்று முடித்துவிட்டுப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நிழலில் குந்துவார். வாங்க வந்தவர்களையும் மறிப்பார். "பொறுங்கோடாப்பா, உச்சிக்கு யசிந்தா இறக்குவா." காலையில் வாங்க ஆளே இல்லாமல் போயிற்று. உழைப்பு நாலு வீட்டுக்காரருடையது, லாபம் நிழலில் குந்தியிருந்தவர்களுக்கு.

அந்தக் கிழமைதான் சோமசேகரம் வந்தான். கிளாலியில் வள்ளம் விட்டவன். குடாநாட்டை விட்டுப் போகவும் வரவும் அப்போது சனத்துக்குக் கிளாலிக் கடல்நீரேரிதான் வழி. இருட்டில், விளக்கில்லாமல், சனத்தை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். நேவிக்காரர் நடுநீரில் வைத்துச் சுடுவார்கள். எத்தனையோ பேர் அந்த நீரிலேயே செத்துப்போனார்கள். அதனால் ஓட்டிக்குக் கூலி அதிகம். ஓட்டி தேடி வந்தவனுக்கு, வருகிறேன் என்று அண்ணன் ஓம் சொல்லிவிட்டார்.

யசிந்தா அழுது நான் கண்டது குறைவு. அன்றைக்கு அழுதாள். "இந்தக் கிழமை முடியுமட்டும் பொறுங்கோ. வலையிலை வீட்டுச் சிலவு வந்தால் போகாதேங்கோ. வராட்டில் நான் மறிக்கேல்லை."

"சனிக்கிழமை வரைக்கும் பாக்கிறன்" என்றார் அண்ணன்.

வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகும்போது அவள் என் கையைப் பிடித்துச் சொன்னாள்: "மச்சாள், இண்டைக்கு நான் வாய் திறந்து விலை குறைச்சால் எனக்கு நுள்ளு." நானும் பக்கத்திலேயே இருந்தேன். வெயில் ஏறியது. கதிரவேலு நிழலில் குந்தினார், இன்னும் பத்துப் பேர் குந்தினார்கள். உச்சி வந்தது. யசிந்தாவின் உதடு துடித்தது, நான் அவள் தொடையில் நுள்ளினேன். சந்தை கலைந்தது. கதிரவேலு எழும்பி வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, விற்காமல் மிஞ்சின பூசணிக்காய்களைத் தென்னங்கயிற்றால் வரிந்து கட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு வலையும் விற்கவில்லை.

நிறைந்த கூடையோடு அவள் எங்கள் தெருவால் வந்தாள். வாசல் படலைகளில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அண்ணன் கூடையைப் பார்த்தார். உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"நாளை வரைக்கும் எண்டு சொன்னனீங்கள்" என்றாள் அவள்.

"நாளைக்கு என்ன புதுசாய் நடக்கப்போகுது?" தெருவில் இறங்கி, கேட்டவர்களுக்கெல்லாம், "கிளாலிக்குப் போறன்" என்று உரத்துச் சொல்லிக்கொண்டே போனார். இத்தனை நாள் சும்மா இருந்தவரல்லவா, போகும்போதாவது ஆம்பிளையாகப் போகலாம் என்று நினைத்தார் போலும்.

விடிய நான் போனபோது யசிந்தா கூடைக்குள் முகத்தை வைத்து மணந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது, இவளுக்கு என்னவோ ஆகிவிட்டதென்று.

"நாறேல்லை மச்சாள்" என்றாள். அழுது வீங்கிய கண். "நேற்று எப்பிடி இருந்ததோ, அப்பிடியே இருக்கு."

இதைத்தானே இத்தனை நாளாய் நான் தொண்டை கிழியச் சொன்னேன்! சொல்லிக் கேட்பது வேறு, மூக்குக்குத் தெரிவது வேறு போல.

சந்தையில் நாங்கள் கூடையை இறக்க முன்னமே கதிரவேலு நின்றார். முந்தினநாள் கயிறு நழுவி அவருடைய பூசணிக்காய்கள் பலாலி வீதியில் உருண்டு, பாதி உடைந்துபோய்விட்டதாம். ஆனாலும் பழக்கம் விடவில்லை. "நேற்றையான் சரக்குத்தானே பிள்ளை, பாத்துப் போட்டுத் தாவன்."

"ஓம் ஐயா, நேற்றையான் சரக்குத்தான்" என்று யசிந்தா ஒரு வலையை எடுத்து அவர் மூக்குக்கு முன்னால் பிடித்தாள். "மணந்து பாருங்கோ. நாறினால் சும்மா கொண்டுபோங்கோ."

சந்தையே சிரித்தது. கதிரவேலுவும் சிரித்துவிட்டு முழு விலையைக் கொடுத்தார். அவர் கொடுத்ததைக் கண்ட பிறகு மற்றவர்கள் எதற்காகக் காத்திருப்பார்கள்? வெயில் ஏற முன்னமே கூடை வெறுமையாயிற்று.

"வீட்டை போவம்" என்றேன். "இல்லை, கிளாலிக்கு" என்றாள். அவளுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. கரியலில் அவளை ஏற்றி நாவற்குழி, சாவகச்சேரி, கொடிகாமம் தாண்டி நான்தான் மிதித்தேன். அண்ணன் இரவே வள்ளத்தில் ஏறியிருந்தால் என்ன ஆயிருக்கும் என்ற நினைப்பு வழி முழுக்கக் கூடவே வந்தது.

கரையில் சனம் மூட்டை முடிச்சுகளோடு இருட்டுக்காகக் காத்திருந்தது. எல்லாருக்கும் தள்ளி ஒரு பனையடியில் அண்ணன் இருந்தார். எங்களைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"நேற்று ஏறேல்லை" என்றார். "வள்ளத்தடி வரைக்கும் போனன். கால் வரேல்லை."

"அப்ப வீட்டை வந்திருக்கலாமே?"

"எந்த முகத்தோடை வாறது? தெரு முழுக்கச் சொல்லிப்போட்டெல்லே வந்தனான். இண்டைக்கு எப்பிடியும் ஏறத்தான் வேணும்."

யசிந்தா அவருக்குப் பக்கத்தில் மணலில் இருந்தாள். "நேற்று நானும் அதே தெருவாலை நிறைஞ்ச கூடையோடை வந்தனான். எல்லாரும் பாத்தவை. என்ன, செத்தே போனன்?"

அண்ணன் அவளைப் பார்த்தார். சந்தையில் நடந்ததை அவள் சொன்னாள். அவர் எழும்பி, என் கையிலிருந்த சைக்கிளை வாங்கிக்கொண்டார்.

என்னை முன் பாரிலும் அவளைக் கரியலிலும் ஏற்றி அவர் மிதிக்க, மைமல் இருட்டில் தெருவுக்குள் நுழைந்தோம். முதல் படலையிலேயே கேட்டார்கள்: "என்ன அடைக்கலம், போகேல்லையோ?"

ஏதாவது பொய் சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

"இல்லை" என்றார் அண்ணன். "பயந்துபோனன்."

எங்கள் தெரு ஆம்பிளை ஒருவரின் வாயிலிருந்து அந்தச் சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை. மறுநாள் ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது எங்கள் முற்றத்தில் இரண்டு பேர் குந்தியிருந்தார்கள். கிளாலி வள்ளத்துக்கு ஓம் என்று சொல்லிவைத்திருந்தவர்கள். அண்ணன் தன் வலையை விரித்து, முடிச்சுப் போட ஆளுக்கொரு தலைப்பைப் பிடிக்கக் கொடுத்தார்.